இல்லத்தோடு இணையும் கண்ணாடிக் கூடம்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவும் உடையும் நாடோறும் மாறுந் தன்மையன. உறையுளோ ஒரு தலைமுறையார் கட்ட, மற்றொரு தலைமுறையார் குடியிருப்பது. ஆகவே, முன்னோர் கட்டிய வீட்டிற் பின்னோர் தம் தேவைக்கேற்ப ஓர் அறையைக் கூட்டுவதும், ஒரு சுவரை அகற்றுவதும் எந்நாட்டிலும் நிகழ்வனவே. இங்கிலாந்து தேசத்தில் இக்காலத்து இவ்வாறு கூட்டப்படுவனவற்றுட் பலராலும் விரும்பப்படுவது, பழைய செங்கல் வீட்டின் பின்புறத்தே கண்ணாடிச் சுவரும் கண்ணாடிக் கூரையும் உடையதாய் எழுப்பப்படுங் கூடமாகும்.

இதனை வெறும் அலங்காரமென்று கருதுவாரும் உளர். அஃது அவ்வாறன்று. ஒளி, வெப்பம், பாரம், நீர், சட்டம் ஆகிய ஐந்தும் ஒருங்கு வந்து கூடும் இடம் அது. வகுப்பறையிற் கற்கும் பௌதிக விதிகள் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வை எவ்வாறு ஆளுகின்றன என்பதை இதனினுந் தெளிவாகக் காட்டும் பொருள் அரிது. அன்றியும், இதிலே ஒரு புதிர் உண்டு. ஒளி வேண்டிக் கட்டுங் கூடமே வீட்டின் உள்ளறையை இருளாக்கிவிடுதல் கூடும். அஃது எங்ஙனம் நேர்கின்றது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பனவே இக்கட்டுரையில் நாம் முதன்மையாக ஆராயப் புகும் வினாக்கள்.

1. கண்ணாடி எளிய பொருளான வரலாறு

கண்ணாடி நெடுங்காலம் செல்வர் பொருளாகவே இருந்தது. இங்கிலாந்தில் 1696-ஆம் ஆண்டு மூன்றாம் வில்லியம் அரசர் காலத்தே சாளர வரி விதிக்கப்பட்டது. சாளரங்களின் தொகை மிக மிக வரியும் மிகுந்தது. வரிக்கு அஞ்சிய குடிகள் சிலர் தம் வீட்டுச் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டனர். அவ்வாறு அடைக்கப்பட்ட சாளரங்களைப் பழைய வீடுகளில் இன்றுங் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இடையிற் கண்ணாடி செய்வோர் மீதும் ஒரு தீர்வை சுமத்தப்பட்டது. ஒளிக்கும் காற்றுக்கும் வரி செலுத்தும் நிலைமையில் ஏழைகள் இருட்டறைகளிலே வாழ்ந்தனர்.

கண்ணாடித் தீர்வை 1845-ஆம் ஆண்டிலும், சாளர வரி 1851-ஆம் ஆண்டிலும் நீக்கப்பட்டன. அந்த 1851-ஆம் ஆண்டிலேதான் லண்டன் ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டன் என்பார் திட்டமிட்ட பளிங்கு மாளிகை உலகப் பொருட்காட்சிக்காகத் திறக்கப்பட்டது. பாக்ஸ்டன் முதலிலே தோட்டக் கலைஞர். வெப்ப நாட்டுச் செடிகளைக் குளிரினின்றுங் காக்கக் கண்ணாடி மனைகள் கட்டிப் பழகியவர். ஏறக்குறைய 3 லட்சம் கண்ணாடித் தகடுகளை இரும்புச் சட்டங்களிற் பொருத்தி அவர் அம்மாளிகையை எழுப்பினார். செடிகளுக்கு உரியதாயிருந்த மனை அதன்பின் மக்களுக்கும் உரியதாயிற்று. நடுத்தரக் குடும்பத்தாரும் தம் வீட்டோடு சிறு கண்ணாடி அறைகளைச் சேர்க்கத் தலைப்பட்டனர்.

ஆயினும், அகன்று குறைவின்றித் தெளிந்த தகடு மலிவாகக் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். செயின்ட் ஹெலன்ஸ் நகரத்துப் பில்கிங்டன் தொழிற்சாலையில் அலஸ்டேர் பில்கிங்டன் என்பார் பல்லாண்டு முயன்று கண்ட முறையொன்று 1959-ஆம் ஆண்டு உலகிற்கு அறிவிக்கப்பட்டது. உருகிய கண்ணாடிக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின்மீது மிதக்க விடுதலே அம்முறை. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும். கண்ணாடியோ ஏறக்குறைய 600 டிகிரியிலே தூக்கி எடுக்கத்தக்க அளவு இறுகிவிடும். ஆகவே, கீழே ஈயம் நீர்போற் சமனாய்க் கிடக்க, மேலே கண்ணாடி தகடாய் உறைகின்றது. தேய்த்து மெருகிடும் வேலை ஒழிந்தது. இன்றைக்கு வீடுகளிற் காணப்படும் பெருந்தகடுகள் இம்முறையாலேயே பிறந்தவை.

2. வரிசை வீடும் அதன் நடு அறையும்

இனி, அக்கூடம் இணைக்கப்படும் வீட்டின் அமைப்பை நோக்குவோம். விக்டோரியா அரசியார் காலத்தே லண்டன் முதலிய நகரங்களில் வரிசை வரிசையாய் வீடுகள் கட்டப்பட்டன. ஒவ்வொரு வீடும் இருபுறத்தும் அயல்வீட்டோடு சுவர் பொருந்தியிருக்கும். தெருப்பக்கம் ஓர் அறை. அதன்பின் நடு அறை. அதற்கும் பின்னே, வீட்டின் அகலத்தினுங் குறுகியதாய்ச் சமையலறை தோட்டத்துள் நீண்டிருக்கும். சமையலறைக்கும் அயல்வீட்டு எல்லைக்கும் இடையே ஒரு பக்கச் சந்து விடப்பட்டிருக்கும். நடு அறையின் சாளரம் இச்சந்தை நோக்கியே திறக்கும். எனவே, பயனற்றதுபோற் காணப்படும் அச்சந்தே நடு அறைக்கு ஒளியூட்டும் வாய்க்காலாகும்.

குடும்பம் பெருகுகின்றது, சமையலறை போதவில்லை, குழந்தைகள் படிப்பதற்கும் யாவரும் ஒருங்கிருந்து உண்பதற்கும் இடம் வேண்டும். வீட்டுத் தலைவர் அச்சந்தை அடைத்துப் பின்புறம் முழுவதையும் ஒரே கூடமாக்க எண்ணுகின்றார். அவ்வாறு செய்த அன்றே நடு அறையின் சாளரத்திற்கு வானம் மறைந்துபோகின்றது. அவ்வறை முதிய தாயார் பகலெல்லாம் அமர்ந்திருக்கும் அறையாயிருத்தல் கூடும். புதுக்கூடம் எத்துணை ஒளி பெற்றாலும், அவ்வம்மையார் நண்பகலிலே விளக்கேற்றி அமர்வாராயின், அவ்வீடு ஒளி பெற்றதென்று எங்ஙனங் கூறலாகும்?

ஆதலின், திட்டம் வரையப் புகுவோன் முதற்கண் வினவ வேண்டுவது புதிய கூடம் எவ்வளவு அழகாயிருக்கும் என்பதன்று. அது கட்டப்பட்டபின் பழைய அறைகள் எவ்வாறிருக்கும் என்பதேயாம்.

3. ஒளியின் கணக்கு

பக்கச் சாளரத்தின் வழியே வரும் ஒளி வெகுதூரஞ் செல்வதில்லை. சாளரத்தின் தலை தரையினின்றும் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அதனைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரமே பகலொளி பயன்படும் என்பது கட்டடக் கலைஞர் கைக்கொள்ளும் அளவு. தலை 2.4 மீட்டர் உயரமாயின், ஏறக்குறைய 5 அல்லது 6 மீட்டர் வரையில் ஒளி கிடைக்கும். அதற்கப்பால் நிற்பவனுக்குச் சாளரத்தூடே தோட்டத்தின் நிலம் தெரியும்; வானந் தெரியாது. வானந் தெரியாத இடத்திற் பகலொளி போதாது. பழைய நடு அறைக்கு முன்னே 3 மீட்டர் ஆழமுள்ள கூடத்தைக் கட்டி, அதன் கடைக்கோடிச் சுவரை முற்றுங் கண்ணாடியாக்கினாலும், நடு அறையின் உட்பகுதி இருண்டே கிடத்தற்குக் காரணம் இதுவே.

இதற்கு மாற்று, கண்ணாடியை மிகுதிப்படுத்துவதன்று. உரிய இடத்தில் வைப்பதாகும். இங்கிலாந்தின் வானம் பெரும்பாலும் மேகம் மூடியது. முற்றும் மேகம் மூடிய வானத்தில் உச்சிப் பகுதி, அடிவானத்தைக் காட்டிலும் மூன்று மடங்கு ஒளியுடையது என்று மூன், ஸ்பென்சர் என்னும் அறிஞர் இருவர் 1942-ஆம் ஆண்டிற் கணக்கிட்டுக் காட்டினர். ஆகவே, அந்நாட்டில் மேல்நோக்கிய ஒரு சிறு கூரைச் சாளரம், தோட்டத்தை நோக்கிய பெருஞ் சாளரத்தினும் மிகுந்த ஒளியைத் தரவல்லது. அக்கூரைச் சாளரத்தைக் கூடத்தின் கடைக்கோடியில் வையாமல், பழைய சுவரை ஒட்டி வைத்தல் வேண்டும். அப்பொழுது மேலிருந்து இறங்கும் ஒளி நடு அறையின் வாயிலிலேயே விழும்.

இதனினுஞ் சிறந்த வழி ஒன்றுண்டு. சந்து முழுவதையும் அடைக்காது, நடு அறைக்கும் புதிய கூடத்திற்கும் இடையே நான்கைந்து சதுர மீட்டர் அளவில் ஒரு சிறு முற்றத்தைத் திறந்தபடி விட்டுவிடுதல். அம்முற்றத்தால் நடு அறையின் சாளரம் ஒளியும் காற்றும் பெறுகின்றது. கூடமும் இருபுறத்தும் ஒளி பெறுகின்றது. முற்றத்துச் சுவருக்கு வெள்ளை தீட்டுதல் நன்று. வெண்மையான சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். செங்கற் சுவரோ மூன்றில் ஒரு பங்கையும் அனுப்பாது. இடம் சிறிது குறைந்தாலும் வீடு முழுவதும் வாழத்தக்கதாகின்றது.

4. குளிரும் வெயிலும்

கண்ணாடியின் இயல்பு விந்தையானது. ஞாயிற்றின் ஒளியையும் அதனோடு வரும் குறுகிய அலையுடைய வெப்பக் கதிர்களையும் அது உள்ளே விடும். அவற்றால் வெம்மையுற்ற தரையும் சுவரும் வெளியிடும் நீண்ட அலைக் கதிர்களையோ அது வெளியே விடாது. உள்ளே புகுந்த வெப்பம் சிறைப்படுகின்றது. செடி மனை வெம்மையுறுதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும், ஞாயிறு மறைந்தபின் அதே கண்ணாடி தானே குளிர்ந்து, அறையின் வெப்பத்தை வெளிக்கு இழந்துவிடும்.

இவ்விழப்பைக் கணக்கிடுவோம். ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடுள்ளபோது செல்லும் வெப்பத்தை வாட் அளவிற் குறிப்பர். ஒற்றைக் கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 5.7, சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8, இரு தகடுகளுக்கிடையே ஆர்கான் வாயுவை நிரப்பி, ஒரு தகட்டின் மேற் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சிட்ட கண்ணாடிக்கு 1.2. வெப்பங் காக்கும் பொருள் நிரப்பிய புதுச் சுவருக்கோ 0.18 மட்டுமே. 5 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள கண்ணாடிச் சுவரின் பரப்பு 12 சதுர மீட்டர். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி எனக் கொண்டால், ஒற்றைக் கண்ணாடியின் வழியே 1,368 வாட் வெப்பம் இடையறாது ஒழுகும். பூச்சிட்ட இரட்டைக் கண்ணாடியில் 288 வாட்; சுவரில் 43 வாட். கண்ணாடி எவ்வளவு மேம்பட்டாலும் சுவருக்கு ஈடாகாது என்பது இதனால் விளங்கும்.

பனித்துளி படிதலும் இக்கணக்கினாலேயே அறியப்படும். மேற்கூறிய குளிரில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் ஏறக்குறைய 5 டிகிரிக்கு இறங்கிவிடும். 20 டிகிரியில் பாதியளவு ஈரமுடைய அறைக்காற்று 9 டிகிரியளவிலேயே நீரை உகுக்கத் தொடங்கும். ஆகவே, கண்ணாடியின்மீது நீர் வழிந்து மரச்சட்டத்தை இற்றுப்போகச் செய்யும். பூச்சிட்ட இரட்டைக் கண்ணாடியின் உட்புறம் 17 டிகிரியளவில் நிற்பதால் அது வறண்டிருக்கும். அருகில் அமர்ந்தவர்க்கு உடல் நடுங்குதலும் இராது.

கோடையின் தொல்லை வேறு. இங்கிலாந்திற் கோடை நண்பகலில், தெளிந்த வானத்தினின்றும் கிடைமட்டமான ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 800 வாட் வெம்மை விழும். 15 சதுர மீட்டர் கண்ணாடிக் கூரை அதிற் பத்தில் ஏழு பங்கை உள்ளே விடுமாயின், 8,400 வாட் ஆகும். இரண்டு கிலோவாட் கணப்புகள் நான்கினைக் கோடை நண்பகலில் ஒருங்கே ஏற்றி வைப்பதற்கு இஃது ஒப்பாம். 2022-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் அந்நாட்டில் கானிங்ஸ்பி என்னுமிடத்தில் வெப்பநிலை 40.3 டிகிரியைத் தொட்டது. குளிர் நாடென்று எண்ணிக் கோடையை மறந்து கட்டுதல் இனிப் பொருந்தாது.

இதற்குப் பரிகாரம் நிழலேயாம். லண்டன் நகரிலே நண்பகற் சூரியன் கோடையுச்சியில் 62 பாகை உயரத்திலும், குளிர்கால நடுவில் 15 பாகை உயரத்திலும் நிற்கும். தெற்கு நோக்கிய கண்ணாடிச் சுவரின்மேல் 1.2 மீட்டர் நீளும் இறவாரத்தை அமைத்தால், கோடை நண்பகலில் அதன் நிழல் 2.2 மீட்டருக்கு மேல் இறங்கிக் கண்ணாடியைப் பெரும்பாலும் மறைக்கும். குளிர்காலத்திலோ நிழல் 32 சென்டிமீட்டரே இறங்கும். வெயில் தடையின்றி உள்ளே புகும். முக்கோண கணிதம் பயின்ற மாணவர் இதனைத் தாமே சரிபார்க்கலாம். மேற்கு நோக்கிய கண்ணாடிக்கு இவ்வுபாயம் உதவாது. மாலைச் சூரியன் தாழ்ந்து வருதலின், வெளிப்புறத் திரையோ மரநிழலோ வேண்டும். திரையை உட்புறம் இடுதல் சிறிதே பயன் தரும். வெப்பம் கண்ணாடியைக் கடந்து வந்துவிட்டதன்றோ? கூரையின் உச்சியிலும் சுவரின் அடியிலும் திறக்கத்தக்க வாயில்கள் அமைத்தால், வெங்காற்று மேலேறி வெளியேற, குளிர்காற்று கீழே புகும்.

5. பாரமும் பாதுகாப்பும்

கண்ணாடி மெல்லியதாகத் தோன்றினும் பாரமிக்கது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு சதுர மீட்டர் தகடு 2.5 கிலோகிராம் நிறையுடையது. 6 மில்லிமீட்டர்த் தகடுகள் இரண்டு சேர்ந்த இரட்டைக் கண்ணாடி, 2 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் இருப்பின், 144 கிலோகிராம் ஆகும். இருபுறமும் அயல்வீடுகள் நெருக்கி நிற்கும் வரிசை வீட்டில் இத்தகடு எவ்வழியே தோட்டத்தை அடையும்? வாயிலும் நடையும் இடங் கொடாவிடில், பளுதூக்கும் பொறியால் வீட்டுக் கூரைக்கு மேலாகவே இறக்க நேரிடும். இதனை முன்னரே எண்ணாது பெருந்தகடு செய்வித்தவர் படும் இடர் சொல்லுந்தரமன்று.

உடைதலுக்கும் முன்னேற்பாடு வேண்டும். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேற் காய்ச்சி, குளிர்காற்றை வீசித் திடீரெனக் குளிர்விப்பின், அது நான்கைந்து மடங்கு வலிமை பெறும். உடையுங்கால் கூரிய கத்திபோலாகாது சிறு மணிகளாய் உதிரும். ஆயின், வலுவேற்றியபின் அதனை அறுக்கவோ துளையிடவோ இயலாது. அளவுகள் யாவும் முன்னரே துல்லியமாயிருத்தல் வேண்டும். மற்றொரு வகை அடுக்குக் கண்ணாடி: இரு தகடுகளுக்கிடையே பசைபோன்ற மென்தாள் ஒன்றை வைத்து ஒட்டியது, உடைந்தாலும் துண்டுகள் தாளிலேயே ஒட்டி நிற்கும். பிரெஞ்சு அறிஞர் எதுவார் பெனெதிக்தஸ் இதனைக் கண்டார். தலைக்கு மேலுள்ள கூரையின் உட்தகடு இவ்வகையாயிருத்தலே தக்கது. கதவில் தரையினின்றும் 1.5 மீட்டர் உயரம் வரையிலும், சுவரில் 80 சென்டிமீட்டர் வரையிலும் உள்ள கண்ணாடி உடைந்தால் ஊறு செய்யாததாய் அமைதல் வேண்டுமென்பது அந்நாட்டு விதி. ஓடி விளையாடுங் குழந்தை மோதுமிடம் அதுவன்றோ?

6. பழையதும் புதியதுங் கூடுமிடம்

வேலையின் முழு அருமையும் இருப்பது பொருத்துவாயிலே. பழைய வீட்டின் அடித்தளம் ஆழமற்றது. நூறாண்டுக்கு மேலாக நிலத்தில் அழுந்தித் தன் இருக்கையைக் கண்டுகொண்டது. புதுக்கூடமோ இனித்தான் அழுந்தப்போகின்றது. லண்டன் நகரின் களிமண் கோடையிற் சுருங்கும், மழையில் வீங்கும், மரங்கள் அருகிலிருப்பின் அவ்வசைவு மிகும். இரண்டையும் இறுகப் பிணைத்துவிட்டால், அசைவு நேருங்கால் செங்கல் வெடிக்கும். வளையுந் தன்மையில்லாத கண்ணாடியோ உடையும். ஆகவே, இரண்டும் தனித்தனி அசைய இடந்தரும் நெகிழ்ந்த பொருத்து வேண்டும்.

பொருள்களின் விரிவும் நினைவிற் கொள்ளத்தக்கது. 3 மீட்டர் அலுமினியச் சட்டம் 40 டிகிரி வெப்ப வேறுபாட்டிற் கிட்டத்தட்ட 2.8 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள கண்ணாடி 1.1 மில்லிமீட்டரே நீளும். இடையில் ரப்பர்ப் பட்டை இல்லாவிடில் சட்டம் கண்ணாடியை நெரித்துவிடும்.

நீர் மூன்றாவது பகை. கண்ணாடிக் கூரை கிடைமட்டமாயிராது சாய்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் நீர் தேங்கி அழுக்குப் படியும். கூரையும் பழைய சுவரும் சேருமிடத்தில் ஈயத் தகட்டைச் செங்கல் இடுக்கினுள் செருகி, கண்ணாடியின்மேல் மடித்துவிடுவர். பின்சுவரை அகற்றிக் கூடத்தைத் திறந்துவிடுவதாயின், மேல்மாடியின் பாரமெல்லாம் தாங்கும் எஃகு உத்தரம் ஒன்று வேண்டும். அதன் அளவைத் தச்சரும் கொத்தரும் ஊகித்துச் சொல்லுதல் தகாது, பொறியாளரே கணக்கிடற்பாலர்.

7. அயலாரும் சட்டமும்

ஒருவன் தன் நிலத்திற் கட்டினும் அதன் நிழல் அயலான் நிலத்தில் விழும். ஆதலின், இங்கிலாந்துச் சட்டம் இதில் மிக்க கவனஞ் செலுத்துகின்றது. 1832-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு சாளரம் இருபது ஆண்டுகள் தடையின்றி ஒளி பெற்றுவந்தால், அவ்வொளி அதற்கு உரிமையாகின்றது. 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டம், அயல்வீட்டிற்கு 3 மீட்டர் தூரத்துள் அதன் அடித்தளத்தினும் ஆழமாகத் தோண்டுவோர் முன்னரே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டுமென்று விதிக்கின்றது.

வெப்பத்தைக் காக்கவும் விதி உண்டு. 2022-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகளின்படி, புதுக்கூடத்தின் கண்ணாடிப் பரப்பு, அதன் தரைப்பரப்பில் நாலில் ஒரு பங்கோடு, கட்டுதலால் மறைந்த பழைய சாளரங் கதவுகளின் பரப்பையுஞ் சேர்த்த அளவிற்கு மேற்படலாகாது. மேற்பட வேண்டின், வீட்டின் பிறபகுதிகளில் அவ்விழப்பை ஈடுசெய்தமையைக் கணக்குக் காட்டி மெய்ப்பித்தல் வேண்டும். வீட்டிற்கும் கூடத்திற்கும் இடையே வெளிப்புறச் சுவரும் கதவும் அகற்றப்படாது நிற்கும் சிறு கண்ணாடி அறைக்கோ இவ்விதி தளர்த்தப்படுகின்றது. அதன் கருத்து எளிது: கதவைச் சாத்தினால் குளிர் கண்ணாடி அறையோடு நிற்கும், சுவரை அகற்றினால் வீடு முழுவதும் பரவும்.

8. இரு வீடுகள் கற்பிக்கும் பாடம்

கண்ணாடியால் வீடு அமைத்தார் இருவருடைய அனுபவம் ஈண்டு நோக்கத்தக்கது. பாரிஸ் நகரில் மருத்துவர் ஜான் தால்சாஸ் என்பார் ஒரு பழைய வீட்டைப் பெற்று, அதனை இடித்துப் புதிதாய்க் கட்ட விரும்பினார். மேல்மாடியிற் குடியிருந்த முதியவர் வெளியேற மறுத்தார். கலைஞர் பியர் ஷாரோ மேல்மாடியை அப்படியே எஃகுத் தூண்களில் தாங்க வைத்து, அதன்கீழ் இருந்ததை அகற்றி, அவ்விடத்தே கண்ணாடிக் கட்டிகளாலாகிய வீட்டைப் புகுத்தினார். அது 1932-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அக்கட்டிகள் ஒளியை விடும், உருவத்தைக் காட்டா. வீட்டின் கீழ்த்தளத்தில் மருத்துவரைக் காண வரும் பெண்டிரின் மறைவும், வீட்டாரின் தனிமையும் காக்கப்பட்டன. வீடும் பகலெல்லாம் ஒளி பெற்றது.

அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்துப் பிளேனோவில், மீஸ் வான் டெர் ரோஹே என்னும் பெரும் புகழ் வாய்ந்த கலைஞர் எடித் பார்ன்ஸ்வர்த் என்னும் மருத்துவ அம்மையாருக்காக நாற்புறமும் கண்ணாடியாலாகிய வீடொன்றை 1951-ஆம் ஆண்டிற் கட்டி முடித்தார். அழகில் அதற்கு நிகராகச் சொல்லத்தக்கன சிலவே. ஆயின், செலவு பற்றி இருவரும் நீதிமன்றம் ஏறினர். வெயிலின் வெம்மையும், கண்ணாடியிற் படியும் நீரும், மறைவின்மையும் அவ்வம்மையாருக்கு வருத்தந் தந்தன. தரைக்கு மேல் ஐந்தடி உயர்த்திக் கட்டியும், 1954-ஆம் ஆண்டு ஆற்று வெள்ளம் உள்ளே புகுந்தது. இன்று அது காட்சிக்குரிய இல்லமாய்ப் போற்றப்படுகின்றது.

முன்னைய கலைஞர் இடத்தில் இருந்தவரையும், வருபவரையும், வாழ்பவரையும் எண்ணிக் கண்ணாடியைத் தேர்ந்தார். பின்னைய கலைஞர் கண்ணாடியை முதலில் எண்ணினார். இரண்டும் கலையிற் சிறந்தனவே. வாழ்வதற்கு ஏற்றது எது என்பதே நம் வினா.

இரவைப்பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். பகலில் தோட்டத்தைக் காட்டுங் கண்ணாடி, இரவில் உள்ளே விளக்கு எரியும்பொழுது கரிய ஆடியாக மாறிவிடும். உள்ளிருப்பார் வெளியே ஒன்றுங் காணார். வெளியிலிருப்பாரோ உள்ளே யாவுங் காண்பர். திரைக்கு இடம் வகுத்தலும், தோட்டத்திற் சிறு விளக்கொன்று அமைத்தலும் இதனாலேயே வேண்டப்படுகின்றன.

9. நம்மவர் நினைவிற்கு

இவ்வமைப்பைப் படத்திற் கண்டு நம் நாட்டில் அவ்வாறே கட்ட முயல்வார் ஒன்றைக் கருத வேண்டும். சென்னையில் நண்பகற் சூரியன் ஆண்டிலே மிகத் தாழ்ந்து நிற்பது டிசம்பர் மாதத்தில். அப்பொழுதும் அதன் உயரம் 53 பாகைக்கு மேற்பட்டது. லண்டனிற் கோடையுச்சியின் உயரமே 62 பாகை என்பதை மேலே கண்டோம். அவர்களுடைய கோடைச் சூரியனுக்குச் சிறிதே தாழ்ந்தது நம்முடைய குளிர்காலச் சூரியன்! ஆண்டில் இருமுறை அது நம் உச்சிக்கு நேராகவும் வருகின்றது. அவர்கள் ஒளியைத் தேடிக் கண்ணாடிக் கூரையிட்டனர். நம் முன்னோர் வெயிலுக்கு அஞ்சித் தாழ்வாரமும், ஒளிக்கென முற்றமும் வைத்தனர். இரண்டும் தத்தம் வானத்தை நோக்கிச் செய்யப்பட்டவை. வடிவத்தை இரவல் வாங்குவதினும், அவ்வடிவத்தைத் தந்த கணக்கைக் கற்றுக்கொள்ளுதலே அறிவுடைமை.

10. முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. கண்ணாடி எவ்வளவு என்பதினும் எங்கே என்பதே பெரிது. கூடத்தின் ஒளியைப் பழைய அறையின் இருளுக்கு விலையாகக் கொடுத்தல் தகாது. கூரை முழுதுங் கண்ணாடியாக்குவதினும், வெப்பங் காக்குங் கூரையில் தக்க இடத்தே ஒரு திறப்பு வைத்தல் செலவிலுங் குறைவு, பயனிலும் மிகுதி. குளிரையும் கோடையையும், பகலையும் இரவையும், உள்ளிருப்பாரையும் அயலாரையும் ஒருங்கெண்ணாத திட்டம், வரைபடத்தில் எவ்வளவு அழகாயிருந்தாலும் நிறைவுடையதாகாது.

நம் கல்லூரி மாணவருட் சிலர் பிற்காலத்திற் பொறியாளராகவோ கட்டடக் கலைஞராகவோ ஆவர். ஏனையோரும் ஒரு நாள் தம் இல்லத்தைக் கட்டவோ திருத்தவோ செய்வர். அப்பொழுது எழுதுகோலை எடுக்குமுன், அவ்வீட்டில் மிகுந்த நேரம் இருப்பவர் யார், அவர் எந்த அறையில் எந்த வேளையில் அமர்கின்றார் என்பதை வினவி அறிக. அவர் அமருமிடத்தில் வானத்தின் ஒரு துண்டேனும் தெரியுமாறு செய்தல், வீடு கட்டுவோன் அவருக்குச் செய்யத்தக்க கடமையாம்.